உந்தும் உருளியின் தேய்வு

கனடா நாட்டின் கியூபெக் மாநிலத்தில் வால்கூர் என்னும் சிற்றூர் உள்ளது. ஆண்டில் பல திங்கள் பனி மூடிக் கிடக்கும் அந்த ஊரில் 1907இல் பிறந்தவர் யோசப் அர்மான் பொம்பார்டியே. பனிமேல் ஓடும் ஊர்திகளை ஆக்குவதையே வாழ்நாட்பணியாகக் கொண்ட அவர் 1942இல் அதற்கென ஒரு நிறுவனத்தை நிறுவினார். 1959இல் அவருடைய ஸ்கி-டூ என்னும் சிறு பனியூர்தி விற்பனைக்கு வந்தது. வழி திருப்ப முன்னால் இரண்டு சறுக்குப் பலகைகள், உந்தித் தள்ளப் பின்னால் ஒரே ஒரு சுழல்பட்டை என்பதே அதன் அமைப்பு. ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, 2007இல், அதே ஊரின் பி.ஆர்.பி. நிறுவனம் கேன்-ஆம் ஸ்பைடர் என்னும் மூவுருளியைச் சாலைக்குக் கொணர்ந்தது. முன்னால் இரண்டு உருளிகள், பின்னால் ஒன்று. பனியூர்தியின் எலும்புக்கூடு அப்படியே சாலை வண்டியாக மாறி வந்ததுபோல் எனக்குத் தோன்றும்.

இந்த அமைப்பு முற்றிலும் புதியது எனச் சொல்ல முடியாது. இங்கிலாந்தின் மால்வெர்ன் ஊரில் எச். எஃப். எஸ். மார்கன் 1909இலேயே முன்னிரண்டு பின்னொன்று கொண்ட வண்டியைக் கட்டிவிட்டார். ஆனால் நெடுந்தொலைவுப் பயணத்துக்கென, இருவர் அமர்ந்து, மூட்டை முடிச்சுகளோடு நாடு கடந்து செல்லும் வண்டியாக இவ்வமைப்பை இன்று பரப்பியது ஸ்பைடர் ஆர்.டி. என்னும் வகையே. 2014ஆம் ஆண்டு வண்டியில் ஆஸ்திரியாவின் ரோடாக்ஸ் நிறுவனத்து 1,330 கன செ.மீ. மூன்று உருளைப் பொறி இடம்பெற்றது. அதன் திறன் 115 குதிரைத்திறன். அத்தனையும் பல்வைத்த பெல்ட் ஒன்றின் வழியாக ஒற்றைப் பின்னுருளிக்குச் சேர்கிறது. அந்த உருளியைச் சுற்றியிருக்கும் டயரின் அளவு 225/50R15. அகலம் 225 மி.மீ.; பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் பாதி; ரிம்மின் விட்டம் 15 அங்குலம். கூட்டிப் பார்த்தால் முழு விட்டம் ஏறத்தாழ 606 மி.மீ., சுற்றளவு 1.9 மீட்டர். ஒரு கிலோமீட்டர் கடக்க அது 525 முறை சுழல வேண்டும்.

இவ்வண்டியை வாங்கியோர் விரைவில் அறியும் செய்தி ஒன்று உண்டு. முன் டயர்கள் இரண்டும் நெடுங்காலம் உழைக்க, பின் டயர் அவற்றுக்கு வெகு முன்பே தீர்ந்துவிடுகிறது. அதுவும் ஓரங்களில் பள்ளவரிகள் ஆழமாகவே இருக்க, நடுப்பகுதி மட்டும் வழுக்கையாகிவிடுகிறது. அட்லாண்டிக் கரையின் செயின்ட் ஜான்ஸ் முதல் பசிபிக் கரையின் விக்டோரியா வரை செல்லும் கனடாவின் குறுக்கு நெடுஞ்சாலை 7,400 கி.மீ.க்கும் மேல் நீளமுடையது. அதில் ஒருமுறை போய் மீளும் ஒருவர் வீடு சேரும்போது, புதிதாய்ப் பூட்டிச் சென்ற பின் டயரை மாற்றும் நாள் நெருங்கியிருக்கும். டயர் மட்டமானது எனச் சொல்லி இதை முடித்துவிடுவோர் பலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த உருளிக்கு இடப்பட்ட வேலை என்ன என்பதை எண்ணிப் பார்க்காமல் அதன் தேய்வுக்குக் காரணம் காண முடியாது.

முன்னுருளிகள் இரண்டும் வழி திருப்புகின்றன. பிரேக் அழுத்தும்போது வண்டியின் எடை முன்னோக்கிச் சாய்வதால் நிறுத்தும் வேலையிலும் பெரும்பங்கை அவையே ஏற்கின்றன. ஆனால் நேர்ச்சாலையில் அவை வெறுமனே உருள்கின்றன. உந்தும் வேலை முழுவதும் பின்னுருளியின் மேல் விழுகிறது. காற்று எதிர்த்துத் தள்ளும் விசை, உருள்வதற்கு எதிரான தடை, மேட்டில் ஏறும் சுமை ஆகிய அனைத்துக்கும் ஈடுகொடுப்பது சாலையை அந்த ஒரு டயர் தொடும் இடம் மட்டுமே. அந்த இடம் எவ்வளவு பெரியது? பின்னுருளியின் மேல் 250 கிலோ எடை இருப்பதாகக் கொள்வோம். டயருக்குள் காற்றழுத்தம் 28 பி.எஸ்.ஐ., அதாவது 193 கிலோபாஸ்கல். எடையை அழுத்தத்தால் வகுத்தால் தொடுபரப்பு ஏறத்தாழ 127 சதுர செ.மீ. அகலம் 16 செ.மீ. என்றால் நீளம் 8 செ.மீ. மட்டுமே. 115 குதிரைத்திறனும் சாலையைச் சென்றடையும் வாயில் அவ்வளவுதான்.

ரப்பரின் இயல்பு இங்கே முன்வருகிறது. இரும்புப் பற்கள் ஒன்றோடொன்று கொளுவுவதுபோல் டயர் சாலையைப் பற்றுவதில்லை. உந்துவிசை வேண்டுமென்றால் டயர் சிறிதளவேனும் நழுவியாக வேண்டும். தொடுபரப்பின் முன்விளிம்பில் சாலையைத் தொடும் ரப்பர்த் துணுக்கு, பின்விளிம்பை நோக்கி நகரும்போது மெல்ல மெல்ல வளைந்து இழுபடுகிறது. ஓரளவுக்கு மேல் இழுவை மிஞ்சும்போது உராய்வு அதைத் தாங்காது. கடைசிச் சில மில்லிமீட்டர்களில் அது சறுக்கித் தன் நிலைக்கு மீள்கிறது. நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது இந்த நழுவல் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் இருக்கலாம். அப்படியென்றால் வண்டி 1,000 கி.மீ. செல்ல உருளி 1,010 கி.மீ.க்குரிய சுழற்சியைச் செய்கிறது. அந்தப் பத்துக் கிலோமீட்டர் சறுக்கலில்தான் டயர் தேய்கிறது. எஞ்சிய ஆயிரத்தில் அது வெறுமனே காலூன்றி எடுக்கிறது.

தேய்வின் நுட்பத்தை ஆழ்ந்து ஆய்ந்தோரில் முதன்மையானவர் அடால்ஃப் ஷாலமாக். இங்கிலாந்தின் வெல்வின் கார்டன் சிட்டியில் இருந்த பிரிட்டிஷ் ரப்பர் விளைவிப்போர் ஆய்வுக் கழகத்தில் அவர் பணியாற்றினார். ரப்பர் தேயும்போது அதன் மேற்பரப்பில் சறுக்கலுக்குக் குறுக்காக வரிவரியான முகடுகள் எழுகின்றன என்பதையும், அம்முகடுகளின் நுனி பின்னோக்கி மடிந்து, அடிப்பகுதியில் கீறல் விழுந்து, துணுக்குகளாய்ப் பிரிகின்றன என்பதையும் அவர் தொடர்ந்து காட்டினார். அழிப்பானால் தாளைத் தேய்க்கும்போது திரிதிரியாய் உதிரும் ரப்பரை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். நழுவும் உருளிகளின் தேய்வு பற்றி 1960இல் டர்னர் என்பவரோடு சேர்ந்து அவர் எழுதிய ஆய்வுரை, டயர்த் தேய்வு ஆராய்ச்சியின் அடித்தளங்களுள் ஒன்று. அந்தக் கழகத்துக்கான பணம் மலாயாவின் ரப்பர் விளைச்சலிலிருந்து திரட்டப்பட்டது. அந்தத் தோட்டங்களில் விடியலுக்கு முன் எழுந்து பால்மரம் சீவியோரில் பெருந்தொகையினர் தமிழர். ரப்பர் அறிவியலின் வரலாற்றை எழுதுவோர் அவர்களை ஒரு வரியிலேனும் நினைக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

ஷாலமாக்கின் வழியில் சென்றால் ஓர் எளிய உறவு கிட்டுகிறது. தேய்வு என்பது சறுக்கலில் செலவாகும் ஆற்றலைப் பொறுத்தது. அந்த ஆற்றல் உந்துவிசையையும் நழுவலையும் பெருக்கினால் வருவது. நழுவலோ விசைக்கு ஏற்பவே கூடுகிறது. ஆகவே விசை இரண்டு மடங்கானால் தேய்வு ஏறத்தாழ நான்கு மடங்காகும். இதை வண்டியில் வைத்துப் பார்க்கலாம். அகன்ற முகமும் உயர்ந்த காற்றுத் தடுப்பும் உடைய இத்தகைய மூவுருளி மணிக்கு 100 கி.மீ. விரைவில் செல்ல, காற்றையும் உருள்தடையையும் வெல்ல 550 நியூட்டன் விசை வேண்டும் என வைத்துக்கொள்வோம். காற்றின் எதிர்ப்பு விரைவின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், 120 கி.மீ. விரைவில் அது 750 நியூட்டனைத் தாண்டும். விசைகளின் விகிதத்தை இருமடியாக்கினால் தேய்வு ஏறத்தாழ 1.9 மடங்கு. விரைவில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டியதற்கு, ஒவ்வொரு கிலோமீட்டரும் டயரிலிருந்து ஏறக்குறைய இருமடங்கு ரப்பரைப் பெற்றுக்கொள்கிறது. எதிர்க்காற்று வீசும் பரந்த புல்வெளிச் சாலைகளிலும் கணக்கு இதுவே. ஒரே வகை வண்டி, ஒரே வகை டயர். ஒருவருக்கு நெடுங்காலம் உழைத்தது இன்னொருவருக்குப் பாதியில் தீர்ந்தது என்றால், அவர்கள் செல்லும் விரைவையும் திருகும் முடுக்கத்தையும் முதலில் கேட்க வேண்டும்.

நடுப்பகுதி மட்டும் ஏன் தேய்கிறது என்பது இன்னும் சுவையான கேள்வி. ஈருருளியின் டயர் வட்ட முகடு உடையது. வளைவில் வண்டி சாயும்போது டயரின் தோள்பகுதி சாலையைத் தொடும். ஸ்பைடர் அப்படிச் சாய்வதில்லை. ஆதலால் அதன் பின் டயர் மகிழுந்தின் டயரைப் போலத் தட்டையானது. தட்டை என்றாலும் முற்றத் தட்டை அன்று. நடுவில் மிகச் சிறிய புடைப்பு உண்டு. அகலமான டயரின் மேல் குறைந்த எடை அமரும்போது, உள்ளிருக்கும் காற்று நடுப்பகுதியை வெளியே தள்ளுகிறது. ஓரங்கள் சாலையை மென்மையாகத் தொட, நடுப்பகுதி அழுந்தித் தொடுகிறது. அழுத்தம் எங்கு மிகுதியோ உந்துவிசையும் அங்கே மிகுதி.

இதோடு நின்றிருந்தால் தேய்வு இவ்வளவு கூர்மையாக நடுவில் குவியாது. நடுப்பகுதியின் ஆரம் ஓரத்தின் ஆரத்தைவிடச் சற்றுக் கூடுதல். 303 மி.மீ. ஆரத்தில் ஒரே ஒரு மில்லிமீட்டர் வேறுபாடு என்றாலும் அது நூற்றுக்கு 0.33 பங்கு. நடுவும் ஓரமும் ஒரே அச்சில் ஒரே சுழற்சியில் சுழல்வதால், நடுப்பகுதி ஓரத்தைவிட விரைந்து பின்னோக்கி ஓட முயல்கிறது. உருளி தானாக உருளும்போது நடு சிறிது முன்தள்ளும். ஓரங்கள் சிறிது இழுத்துப் பிடிக்கும். உந்துவிசை வந்து சேர்ந்ததும் நடுவின் நழுவலோடு அது கூடிக்கொள்கிறது. ஓரங்களிலோ ஒன்றையொன்று கழித்துக்கொள்கிறது. நழுவலே நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் இருக்கையில், 0.33 என்பது சிறிய எண் அன்று. உந்தும் உருளி நடுவில் தேய்வதும், உந்தாமல் உருளும் முன்னுருளி பெரும்பாலும் தோளில் தேய்வதும் இந்தக் கூட்டல் கழித்தலின் விளைவே.

வளைவுகளில் நிலைமை வேறு. டென்னசி, வட கரோலினா மாநிலங்களின் எல்லையில் 11 மைல் தொலைவுக்குள் 318 வளைவுகள் கொண்ட மலைச்சாலை ஒன்று உண்டு. டிராகனின் வால் என்று அதை அழைக்கிறார்கள். அங்கே பின்னுருளி பக்கவாட்டு விசையையும் தனியே தாங்குகிறது. வண்டியின் உடல் சற்றே வெளிப்புறம் சாய, பின்னுருளியைத் தாங்கும் கவையும் உடன் சாய்வதால், வெளித்தோளில் சுமை ஏறுகிறது. அத்தகைய சாலைகளில் மிகுதியாக ஓட்டுவோரின் டயர் அகலம் முழுதும் ஒப்பத் தேய்ந்திருப்பதைக் காணலாம். நேர்ச்சாலைகளிலேயே நாளைக் கழிப்போருக்கு நடு மட்டுமே தேயும். டயரைக் கண்டே அது ஓடிய நாட்டின் நிலத்தை ஊகிக்க முடியும்.

காற்றழுத்தத்தைக் குறைத்தால் நடுப்புடைப்பு தணியும், தேய்வு பரவும் என்பது சரியே. எவ்வளவு குறைப்பது என்பதை வாய்ப்பேச்சால் முடிவு செய்யக் கூடாது. எளிய ஆய்வு ஒன்று உண்டு. டயரின் குறுக்கே சுண்ணக்கட்டியால் அகலமான கோடு போட்டு, உலர்ந்த நேர்ச்சாலையில் சிறிது தொலைவு உருட்டி, கோடு எங்கே அழிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். நடுவில் மட்டும் அழிந்திருந்தால் அந்தச் சுமைக்கு அழுத்தம் மிகுதி. முழுதும் ஒப்ப அழிந்திருந்தால் பொருத்தமான அழுத்தம். ஒருவர் மட்டும் செல்லும்போதும், இருவர் பெட்டிகள் நிறையப் பொருளோடு செல்லும்போதும் விடை வேறுபடும். ஆக்கிய நிறுவனம் தந்த எல்லைக்குள் நின்றே இதைச் செய்ய வேண்டும். அதற்கும் கீழே இறக்கினால் பக்கச்சுவர் மிகுதியாய் மடிந்து சூடேறும். வெப்பநிலையையும் மறக்கலாகாது. 28 பி.எஸ்.ஐ. அளவில் உள்ள காற்று ஒவ்வொரு 10 பாகை வெப்ப உயர்வுக்கும் ஏறத்தாழ ஒன்றரை பி.எஸ்.ஐ. ஏறும். ராக்கி மலையடிவாரத்தின் குளிர்ந்த காலையில் 5 பாகையில் அடித்த காற்று, நெவாடாப் பாலையின் 40 பாகை நண்பகலில் டயர் ஓடிச் சூடாகும் முன்பே 5 பி.எஸ்.ஐ. கூடியிருக்கும். எனவே ஓடாமல் ஆறிய டயரில், அன்றன்று காலையில் அளப்பதே முறை.

ஒரு கணக்கை இங்கே போட்டுப் பார்க்கலாம். 6 மி.மீ. ரப்பர் தேய 20,000 கி.மீ. ஆவதாகக் கொண்டால், அதற்குள் உருளி ஒரு கோடியே ஐந்து லட்சம் முறை சுழன்றிருக்கும். ஒரு சுழற்சிக்கு இழப்பு 0.57 நானோமீட்டர். ரப்பரின் முதுகெலும்பான கரிம அணுப் பிணைப்பின் நீளம் 0.154 நானோமீட்டர், அதனோடு ஒப்பிட்டால் ஒரு சுழற்சிக்கு நான்கு பிணைப்பளவுகூட இல்லை. ரப்பர் அணு அணுவாய் உதிர்வதில்லை, கண்ணுக்குப் புலப்படாத துணுக்குகளாய்ப் பிரிகிறது என்பது உண்மையே. எனினும் இந்த நிரவல் எண்ணைக் காணும்போது, இப்படித் தேய்வதை விரைவான தேய்வு என்று பழிக்க மனம் வருவதில்லை. கந்தகம் சேர்த்துச் சூடேற்றி ரப்பரை வலுவாக்கும் முறையைச் சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டறிந்ததும், பின்னர் வந்தோர் நுண்ணிய கரித்தூளைக் கலந்து அதன் தேய்வெதிர்ப்பைப் பன்மடங்கு உயர்த்தியதும் இல்லாமல் இது கைகூடியிராது.

உதிர்ந்த துணுக்குகள் எங்கே செல்கின்றன? டயரின் சுற்றளவு, அகலம், தேய்ந்த ஆழம் ஆகியவற்றைப் பெருக்கி, பள்ளவரிகளுக்குரிய இடத்தைக் கழித்தால், ஒரு பின் டயர் தன் வாழ்நாளில் ஒன்றரைக் கிலோ அளவு ரப்பரைச் சாலையில் விடுகிறது எனத் தெரிகிறது. மழை அதை ஓடைகளுக்குக் கொண்டு செல்கிறது. அமெரிக்காவின் வாசிங்டன் மாநிலத்தில் மழைக்குப் பின் கோஹோ சால்மன் மீன்கள் கூட்டமாய் இறந்து மிதந்ததன் காரணத்தைப் பல ஆண்டுகள் தேடிய ஆய்வாளர்கள் 2020இல் அதை வெளியிட்டனர். ஓசோனால் ரப்பர் வெடிக்காமல் இருக்க டயர்களில் சேர்க்கப்படும் 6பிபிடி என்னும் பொருள், ஓசோனோடு வினைபுரிந்து வேறொரு பொருளாக மாறுகிறது. மாறிய அதுவே மீன்களைக் கொன்றது. டயரைக் காக்கச் சேர்த்த மருந்து ஓடையில் நஞ்சாவதை இனியும் பொறுத்துக்கொள்ளலாகாது. மென்மையாக முடுக்கி, தேய்வைக் குறைத்து ஓட்டுவதற்குப் பணத்தைவிடப் பெரிய காரணம் இங்கே இருக்கிறது.

மழை என்றதும் இவ்வண்டிக்கே உரிய இடர் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அகன்ற டயரும் குறைந்த எடையும் சேர்ந்தால், தேங்கிய நீரின் மேல் டயர் மிதக்கத் தொடங்கும். 1963இல் நாசா ஆய்வாளர்கள் வானூர்தி உருளிகளை ஆய்ந்து ஒரு வாய்பாடு தந்தனர். காற்றழுத்தத்தைப் பி.எஸ்.ஐ. அலகில் எடுத்து, அதன் இருமடி மூலத்தை 10.35ஆல் பெருக்கினால் வருவது, டயர் முழுதும் நீரின் மேல் எழும் விரைவு, மணிக்கு மைல் கணக்கில். 28 பி.எஸ்.ஐ.க்கு அது மணிக்கு 88 கி.மீ.; 20 பி.எஸ்.ஐ.க்கு வெறும் 75 கி.மீ. பள்ளவரிகள் நீரை வெளியேற்றும்வரை இந்த எல்லை எட்டாது. வரிகள் தேய்ந்த டயருக்கு அது எப்போதும் அருகிலேயே உள்ளது. 2 மி.மீ. ஆழ நீரில், 18 செ.மீ. அகலத் தடத்தோடு மணிக்கு 90 கி.மீ. விரைவில் செல்லும் டயர் நொடிக்கு 9 லிட்டர் நீரை ஒதுக்கியாக வேண்டும். நடுவரி தேய்ந்திருந்தால் அந்த நீருக்குப் போக்கிடம் இல்லை. மிதந்த டயருக்குச் சாலையில் பிடிப்பு இராது. பின்புறம் பக்கவாட்டில் விலகும். தேய்வைப் பரப்ப அழுத்தத்தை மிகவும் குறைப்போர் இந்த எண்களை மனத்தில் இருத்த வேண்டும்.

பல நாடுகளில் மகிழுந்து டயருக்குச் சட்டம் விதிக்கும் குறைந்த அளவு 1.6 மி.மீ. பள்ளத்துக்குள் குறுக்கே இருக்கும் தேய்வுக்குறி மேட்டோடு, சாலையைத் தொடும் ரப்பர்ப் புடைப்புகள், அதாவது பணிமனைகளில் பட்டன் என்று சொல்வன, ஒரே மட்டமாகும்போது அந்த எல்லை வந்துவிட்டது. மழை பெய்யும் நாட்டில் பயணம் செய்வோர் அதுவரை காத்திருக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. ஆழமானியை ஓரத்தில் வைத்து அளந்து மனநிறைவு கொள்வதிலும் பயனில்லை. நடுவில், டயரைச் சுற்றிப் பல இடங்களில் அளந்து, அவற்றில் மிகக் குறைந்த அளவையே கணக்கில் கொள்ள வேண்டும். குறைவாக ஓடும் வண்டிக்கு அகவை முக்கியம். பக்கச்சுவரில் டாட் என்னும் குறியோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களில் முதலிரண்டு கிழமையையும் பின்னிரண்டு ஆண்டையும் காட்டும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் கிழமை. வரிகள் ஆழமாக இருந்தும் சுவரில் மயிர்க்கீறல்கள் தோன்றினால் அந்த டயரின் காலம் முடிந்தது.

மாற்றும்போது எழும் பெரிய வழக்கு, மகிழுந்து டயரைப் பூட்டலாமா என்பது. ஆக்கிய நிறுவனம் தான் ஒப்பிய டயரையே பூட்டச் சொல்கிறது. ஓட்டுவோரில் பலர் அதே அளவு மகிழுந்து டயரைப் பூட்டி, மிக நீண்ட உழைப்பைப் பெறுகின்றனர். இருபுறமும் அறிவியல் உண்டு. நிறுவனத்தின் டயரில் 76 என்ற சுமைக்குறி உள்ளது. அதன் பொருள் 400 கிலோ. அதே அளவுள்ள மகிழுந்து டயரில் பொதுவாக 91. அதாவது 615 கிலோ. பின்னதன் கூடு கனமானது, விறைப்பானது; அதன் ரப்பரும் பெரும்பாலும் கடினமானது. அமெரிக்காவில் மகிழுந்து டயர்களின் தேய்வுத் தரம் டெக்சாசின் சான் ஆஞ்செலோ அருகே 7,200 மைல் ஓட்டி ஒப்பிடப்படுகிறது. மோட்டார் சைக்கிள் டயருக்கு அத்தகைய எண் கேட்கப்படுவதில்லை. நீண்ட உழைப்பு உண்மை. ஆனால் 615 கிலோவுக்கென அமைந்த கூட்டின் மேல் 250 கிலோவை வைத்தால், வழக்கமான அழுத்தத்தில் அது வளைந்து கொடுக்காது. பலர் அழுத்தத்தை இறக்குவது அதனால்தான். அப்போது நீரில் மிதக்கும் எல்லையும் இறங்கும் என்பதை மேலே கண்டோம்.

அளவை மாற்றுவது இன்னும் கருதத்தக்கது. 205/60R15 பூட்டினால் விட்டம் 627 மி.மீ.; நூற்றுக்கு மூன்றரைப் பங்கு கூடுதல். ஸ்பைடரின் நிலைப்புக் கட்டுப்பாட்டு அமைப்பு மூன்று உருளிகளின் சுழற்சியையும் ஒப்பிட்டே நழுவலை உணர்கிறது. பின் உருளி பெரிதானால் அது எப்போதும் மெதுவாகச் சுழல்வதுபோல் தெரியும். உண்மையில் நழுவத் தொடங்கும்போதும் அந்த வேறுபாடு நழுவலை மறைக்கும். முழுதும் தேய்ந்த டயரின் விட்டம் புதியதைவிட நூற்றுக்கு இரண்டு பங்கு குறைவு என்பதால், அந்த அளவு வேறுபாட்டை அமைப்பு பொறுத்துத்தான் ஆக வேண்டும். அதற்கு மேல் போவதை நான் ஏற்கமாட்டேன்.

பின்னால் இரண்டு உருளிகள் கொண்ட ஹார்லி-டேவிட்சன் டிரை கிளைடு போன்ற வண்டிகளில் பின் டயர்த் தேய்வு பற்றிய கவலை குறைவு. உந்துவிசை இரண்டாய்ப் பிரிகிறது. ஒவ்வொரு டயரின் மேலும் போதிய எடை அமர்ந்திருந்தால், முன் சொன்ன இருமடி உறவின்படி ஒவ்வொன்றின் தேய்வும் ஏறத்தாழக் கால்பங்காகிவிடும்.

ஒற்றைப் பின்னுருளியைக் கழற்றுவது பொறுமை வேண்டும் வேலை. வண்டியின் பின்புறத்தை உறுதியாகத் தூக்கி நிறுத்தி, நிறுத்தத்துக்கான பிரேக்கை விடுவித்து, அச்சு மரையைத் தளர்த்தி, இருபுறச் சரிசெய் திருகுகளையும் ஒரே அளவு பின்வாங்கி, உருளியை முன்தள்ளினால் பெல்ட் தளரும். பெல்ட்டை முறுக்காமல் பற்சக்கரத்திலிருந்து நழுவவிட வேண்டும். அதன் உள்ளிழைகள் ஒருமுறை மடிந்தால் வலுவிழக்கும். சுழற்சி உணரியின் கம்பி இழுபடலாகாது. புதிய டயரைப் பூட்டும்போது காற்றடைப்பு வால்வையும் புதிதாக்குவது நல்லது. எடைச்சமன் பார்க்காமல் விடவே கூடாது: ரிம்மின் ஓரத்தில் 30 கிராம் ஒரு பக்கம் மிகுந்திருந்தால், மணிக்கு 120 கி.மீ. விரைவில் அது 70 நியூட்டன் விசையாக நொடிக்குப் பதினேழு முறைக்கு மேல் அச்சைக் குலுக்கும். அந்தக் குலுக்கல் டயரில் இடையிடையே பள்ளங்களை உண்டாக்கி, புதியதையும் விரைவில் கெடுக்கும்.

திரும்பப் பூட்டும்போது இருபுறத் திருகுகளும் ஒப்ப நிற்காவிட்டால் உருளி சிறிது கோணலாகும். அரைப்பாகைக் கோணலும் டயரை ஓயாமல் பக்கவாட்டில் சறுக்க வைக்கும். உருளியைக் கையால் சுழற்றிப் பார்த்தால் பெல்ட் பற்சக்கரத்தின் விளிம்பில் உரசாமலும் வெளியே வழியாமலும் ஓட வேண்டும். பெல்ட்டின் இழுவிசையை அதற்குரிய அளவியால் சரிபார்த்து, அச்சு மரையை டார்க் ரெஞ்சு கொண்டு கையேட்டில் சொன்ன முறுக்குவிசைக்கு இறுக்க வேண்டும். இறுக்கும்போதே அச்சு சற்று நகர்வதுண்டு. ஆகவே இறுக்கிய பின்னும் பெல்ட் ஓடும் இடத்தை மீண்டும் பார்க்க வேண்டும். புதிய ரப்பரின் மேல் வார்ப்பில் ஒட்டிய வழுவழுப்பு இருக்கும்; முதல் சில நூறு கிலோமீட்டர்கள் ஈரச்சாலையில் கடுமையாக முடுக்காமல் ஓட்டி, பின்னர் ஒரு காலையில், டயர் ஆறியிருக்கும்போது, அழுத்தத்தையும் பெல்ட்டையும் மறுபடி அளந்துகொள்ள வேண்டும்.